மின்வாசிப்பான் வாங்குமுன் கோப்புறையைத் திறந்து பாருங்கள்

ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த ஆறு அங்குலக் கிண்டிலின் பேட்டரி இப்போது இரண்டு நாளைக்கு மேல் தாங்குவதில்லை என்றும், புதிதாக ஒன்று வாங்கினால் எதை வாங்குவது, வண்ணத் திரைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் கைபேசியிலேயே படிக்கத் தொடங்கிவிட்ட நிலையில் இத்தகைய கருவிகளுக்கு எதிர்காலம் உண்டா, பழைய கருவியை என்ன செய்வது என்ற கேள்விகளும் உங்களுக்கு இருக்கின்றன. நீங்கள் படிப்பவற்றுள் பெரும்பகுதி தமிழ் என்பதும், கடையில் வாங்கிய நாவல்களோடு தமிழ் மின்னூலகம், மதுரைத் திட்டம் ஆகிய இலவச இணையக் களஞ்சியங்களிலிருந்து இறக்கிய பிடிஎஃப் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருப்பதும் விடையை வெகுவாக மாற்றுகின்றன. ஆங்கில நாவல்களை மட்டும் படிப்பவராக இருந்தால், எந்தக் கடையில் நூல் வாங்குகிறீர்களோ அந்தக் கடையின் நடுத்தர விலைக் கருவியை வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தமிழ் வாசகருக்கு அந்த ஒரு வரி போதாது.

கருவிகளின் விளம்பரங்களைப் பார்க்குமுன் உங்கள் கணினியின் கோப்புறையைத் திறந்து, அடுத்த ஓராண்டில் உண்மையாகவே படிக்கப்போகும் இருபது நூல்களைத் தேர்ந்தெடுத்து, அவை எந்த வகைக் கோப்புகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் மின்னூல் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வெவ்வேறு பண்டங்களைக் குறிக்கிறது. ஒன்று, ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளால் ஆனதும் திரைக்கேற்ப வரிகள் தாமே மடங்கிக்கொள்வதுமான இபப் (EPUB) அல்லது கிண்டில் கோப்பு. இரண்டாவது, அச்சிட்ட பக்கங்களைப் படமெடுத்துக் கோத்த ஸ்கேன் பிடிஎஃப்; கணினியைப் பொறுத்தவரை அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் உண்டு. மூன்றாவது, கணினியில் தட்டச்சு செய்து ஏ4 தாளுக்கென்று அமைத்த பிடிஎஃப். இவற்றுள்ளும் ஒருங்குறி பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், பாமினி போன்ற குறியாக்கங்களில் செய்தவை தனி இனம், அவற்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகள்தான் வந்து விழும். முதல் வகைக்கு இன்று விற்கும் எந்த மின்வாசிப்பானும் ஏறக்குறையப் போதும். மற்ற இரண்டு வகைகளும்தான் நீங்கள் எந்த அளவுத் திரை வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஆறு அங்குலத் திரை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஏ4 தாளின் அகலமோ 21 சென்டிமீட்டர். அந்தத் தாளை முழுதாக இந்தத் திரைக்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும், அதாவது மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பதற்குச் சமம். ஸ்கேன் நூல்களின் கதை சற்று மேல். பழைய தமிழ்ப் பதிப்புகள் பெரும்பாலும் கிரவுன் 1/8 அளவில், ஏறத்தாழ 12.5க்கு 18.5 சென்டிமீட்டரில் வந்தன. இன்றைய நாவல்கள் பலவும் டெமி 1/8, அதாவது ஏறத்தாழ 14க்கு 21.5 சென்டிமீட்டர். வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டால் கிரவுன் பக்கத்தின் எழுத்துப் பரப்பு, 10.7க்கு 14.2 சென்டிமீட்டர் கொண்ட ஏழு அங்குலத் திரையில் சிறிதளவே சுருங்கி அமர்ந்துவிடும், 7.8 அங்குலத் திரையில் சுருங்காமலே அமரும். டெமி பக்கத்தை ஓரம் வெட்டாமல் கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே பார்க்க வேண்டுமென்றால் 10.3 அங்குலம் தேவைப்படும். அதன் எடையும் விலையும் கூடுதல். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்க அது உதவாது. எனவே உங்கள் இருபது நூல்களில் பத்துக்கு மேல் ஸ்கேன் கோப்புகள் என்றால் 7.8 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், நான்கைந்துதான் என்றால் ஏழு அங்குலமே போதும். மறுபடியும் ஆறு அங்குலம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குத் தமிழ் எழுத்தின் இயல்பும் ஒரு காரணம். விகுதிகளும் உருபுகளும் ஒட்டிக்கொண்டே போவதால் நம் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல், கண்ணுக்கு இதமான எழுத்தளவில், ஆறு அங்குலத் திரையில் பாதி வரிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே இருக்கும்போது இரு ஓரமும் நேராக வரும்படி வரியை இழுத்துக் கட்டினால், சொற்களுக்கு நடுவே பல் விழுந்த இடம்போலப் பெரிய பெரிய வெற்றிடங்கள் தோன்றும். அச்சில் பக்கம் கட்டுபவர் சொல்லை உடைத்தோ இடைவெளியைக் கூட்டிக் குறைத்தோ இதைச் சமாளிப்பார். மின்வாசிப்பான்களுக்குத் தமிழ்ச் சொல்லை எங்கே உடைப்பது என்பது பெரும்பாலும் தெரியாது. ஆகையால் எந்தக் கருவியை வாங்கினாலும் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் சென்று வரிகளை இடப்பக்கம் மட்டும் நேராக நிற்கும்படி மாற்றிவிடுங்கள். ஏழாண்டாகத் தமிழ் மின்னூல் படித்துக் கண் களைத்தது திரையால்தான் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அதில் பாதிப் பழி இந்த இடைவெளிகளுக்கு உரியது.

கருவி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். ‘கொக்கு’ என்று எழுதும்போது கணினி சேமிப்பது முதலில் ககரத்தை, அதன்பின் ஒகரக் குறியை. திரையில் காட்டும்போதுதான் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் வந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும். கொக்கு, கோயில், கௌதாரி, மௌனம், ஸ்ரீ, பக்ஷி என்று ஆறு சொற்களை ஒரு கோப்பில் எழுதி, நீங்கள் படிக்கும் எல்லா வடிவங்களிலும் அதை ஏற்றிப் பாருங்கள். ஒரே கருவியில் ஒரு வடிவம் சரியாகவும் மற்றொன்று உடைந்தும் வருவது உண்டு. எழுத்துருக்களை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதி கிண்டிலிலும் அதன் போட்டிக் கருவியான கோபோவிலும் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற, கோடுகளில் தடிப்பும் மெலிவும் கொண்ட எழுத்துரு நீண்ட வாசிப்புக்கு ஏற்றது. மெல்லிய கோடுகளால் மட்டுமே ஆன எழுத்துருக்கள் மின்வாசிப்பானின் திரையான மின்தாளில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கைபேசியிலேயே படித்தால் என்ன என்று கேட்பீர்கள். மின்தாள் இயங்கும் விதம்தான் அதற்கு விடை. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும்; மின்புலத்தின் திசையை மாற்றினால் ஒன்று மேலே வர மற்றது கீழே போகும். வந்து நின்ற துகள் அடுத்த கட்டளை வரும்வரை மின்சாரமே இல்லாமல் அங்கேயே நிற்பதால்தான் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய இந்த முறையைக் கொண்டு 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2009இல் ஒரு தைவான் நிறுவனம் அதை வாங்கித் தானும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. கருவியில் இருக்கும் விளக்குகூடத் திரைக்குப் பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருவதில்லை. ஓரத்திலிருந்து புறப்பட்டுத் திரையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது, மேசைவிளக்கின் ஒளி தாளில் பட்டுத் திரும்புவதைப் போல. நடுப்பகல் வெயிலில் கைபேசித் திரை கண்ணாடியாகிவிடும்போது மின்தாள் இன்னும் தெளிவாகும். ஆனால் என்னைக் கேட்டால் அதன் பெரிய நன்மை வேறு: அதில் வாட்ஸ்அப் வராது.

வாசிப்பின் ஆழத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தகவல் நூல்களைப் படிக்கும்போதும் நேரக்கெடு இருக்கும்போதும் திரையைவிடத் தாளில் புரிதல் கூடுகிறது என்றும், கதைகளைப் படிப்பதில் அந்த வேறுபாடு தென்படவில்லை என்றும் கண்டது. அந்த ஆய்வுகளில் திரை எனப்பட்டது பெரும்பாலும் கணினியும் கைப்பலகையும் (டேப்லெட்) தான். கிண்டிலையே நேரடியாகச் சோதித்தது 2019இல் நார்வேயின் ஆன் மாங்கனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு: ஐம்பது பேரில் பாதிப் பேர் ஒரு நீண்ட கதையைத் தாளிலும் மீதிப் பேர் கிண்டிலிலும் படித்தார்கள், புரிதலில் பெரும்பாலும் வேறுபாடு இல்லை, ஆனால் நிகழ்ச்சிகளை வரிசைப்படி அடுக்குவதில் தாளில் படித்தவர்கள் தேறினார்கள். இடப்பக்கத்தின் அடியில், நூலின் நடுவில் படித்தோம் என்று விரல்களுக்கு இருக்கும் நினைவு மின்வாசிப்பானில் கிடைப்பதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதனால்தான் நாவல்களைக் கருவியிலும், உரையோடு கூடிய சங்கப் பாடல்களைத் தாளிலும் படிக்கிறேன். பாடலுக்கும் உரைக்கும் அருஞ்சொற்பொருளுக்கும் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருப்பதற்கு மின்தாள் மிக மெதுவானது.

வண்ணத் திரை உங்களுக்கு வேண்டாம். 2024இல் கோபோவும் கிண்டிலும் அடுத்தடுத்து வண்ணக் கருவிகளைக் கொண்டுவந்ததால் இந்த ஆசை பரவலாக எழுந்திருக்கிறது. இவற்றில் உள்ளது கருப்பு வெள்ளை மின்தாளின் மேல் படிந்த வண்ண வடிகட்டிதான்; எழுத்தின் நுணுக்கம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணத்தின் நுணுக்கம் 150 மட்டுமே, வடிகட்டி ஒளியை விழுங்குவதால் தாளின் வெண்மையும் ஒரு படி மங்கும். குழந்தைகளுக்குச் சித்திரக்கதை படித்துக் காட்டுபவரும், பாடநூலில் வண்ணக் கோடிட்டுப் படிக்கும் மாணவரும் வாங்கலாம். மங்கிய ஸ்கேன் பக்கங்களைப் படிக்கும் உங்களுக்கு வெண்மைதான் முதல் தேவை.

இனி எந்தக் கருவி என்பது. புதிய தமிழ் நூல்களைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் தொடருமானால் கிண்டிலைத் தவிர்ப்பது கடினம். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளைத் தன் மின்னூல் கடையில் சேர்த்த பிறகு, தமிழ்ப் பதிப்பாளர்களும் தாமே வெளியிடும் எழுத்தாளர்களும் பெருமளவில் அங்கே சென்றார்கள். அவர்களுள் பலர் சேர்ந்திருக்கும், படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் தரும் திட்டத்தின் நிபந்தனையே, தொண்ணூறு நாள் தவணைகளாக அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக்கூடாது என்பதுதான். ஆகவே குடும்ப நாவல்களும் தொடர்கதைகளும் உங்கள் விருப்பமானால் வேறு வழியில்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட விகிதத்தில், வாங்கிய நூல்களைவிட இறக்கிய நூல்களே கூடுதலாக இருப்பதால், கோபோ அல்லது ஆண்ட்ராய்டில் இயங்கும் மின்தாள் கருவி ஒன்றை நான் பரிந்துரைப்பேன். ஆண்ட்ராய்டு கருவியில் கிண்டில் செயலியையும் நிறுவிக்கொள்ளலாம் என்பதால் பழைய கொள்முதல்கள் கைவிட்டுப் போகா. அதன் பேட்டரி மட்டும் விரைவில் தீரும். கோபோவில் கேஓரீடர் என்ற கட்டற்ற மென்பொருளை எளிதாக ஏற்றலாம்; ஸ்கேன் பக்கத்தின் ஓரங்களைத் தானே கண்டு வெட்டுவது, பழைய இதழ்களின் இரட்டைப் பத்திகளை ஒவ்வொன்றாகக் காட்டுவது, மங்கிய அச்சைக் கருமையாக்குவது ஆகிய மூன்று வேலைகளையும் அது செய்கிற அளவுக்கு எந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளும் நான் பார்த்தவரை செய்வதில்லை. கிண்டிலிலும் அதை இயக்கலாம், ஆனால் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் கணினியில் காலிபர் இருக்கட்டும். இந்தியரான கோவிட் கோயல் 2006இல், தான் வாங்கிய சோனி கருவி லினக்ஸோடு பேச மறுத்ததால் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. நூல்களை அடுக்கவும், வடிவம் மாற்றவும், ஆசிரியர் பெயர்களைச் சீராக்கவும் இன்றளவும் அதற்கு இணையில்லை. கிண்டிலைப் பொறுத்தவரை, இபப் கோப்பை வடமிட்டு நேரே ஏற்றினால் திறக்காது. கிண்டிலுக்கு அனுப்பும் வசதியின் வழியாக 2022 முதல் அதை அனுப்ப முடிகிறது.

எதிர்காலத்தைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். கருவிகள் மறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். என் கவலை நூல்களைப் பற்றியது. மின்தாளைக் கொண்டு முதன்முதலில் கடைக்கு வந்த கருவி 2004இல் ஜப்பானில் சோனி விற்ற லிப்ரியே. அதற்கென வாங்கும் நூல்கள் அறுபது நாளில் காலாவதியாகிவிடும். 2007 நவம்பர் 19 அன்று வந்த கிண்டில் அப்படிச் செய்யவில்லை, ஆனாலும் 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்துவிட்டார் என்பதற்காக ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்கள் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘1984’ என்பதை உலகம் மறக்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்கள் போயின. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30உடன் விற்பனையை நிறுத்தி, வாங்கியவற்றை இறக்கிக்கொள்ள ஓராண்டு அவகாசம் தந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலின் கோப்பைக் கணினியில் இறக்கி வடம் வழியாகக் கிண்டிலில் ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், மின்பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்பவர்கள் தாம் தருவது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நானும் ஒரு கடையில் வாங்கிய முப்பதுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களை, அந்தக் கடை தன் செயலியைக் கைவிட்டபோது இழந்தவன். அவற்றுள் பென்சில் குறிப்புகளுக்கு ஈடாக நான் இட்ட குறிப்புகளும் இருந்தன என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. ஆகவே பூட்டில்லாத, அதாவது கடையின் அனுமதியின்றி எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய, கோப்பு கிடைக்கும் இடத்தில் அதையே வாங்குங்கள், திரும்பத் திரும்பப் படிக்கும் நூலுக்கு அச்சுப் படியையும் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்புகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துச் சேமியுங்கள்.

தமிழுக்கு இதில் ஒரு நல்ல பேறு உண்டு. நம் மின்னூல்களின் பெரும்பகுதி கடைகளுக்கு வெளியே, தன்னார்வலர்களின் உழைப்பில் உருவானது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமிருந்து தமிழர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து அனுப்பினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததன் வடுவோடு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து காத்துவருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் எவரும் பகிர்ந்துகொள்ள இடம்தரும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் நூல்களைப் பெற்று, இபப் வடிவத்தோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் வடிவத்தையும் தருகிறார்கள். அந்த ஒரு கரிசனமே அவர்கள் வாசகர்கள் என்பதற்குச் சான்று. சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது: இந்தியாவில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது, தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே அரசு பரிவுத்தொகை கொடுத்துப் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் வழக்கம் பாரதியின் எழுத்துகளில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது.

ஆனால் இந்தக் களஞ்சியத்தின் பெரும்பகுதி இன்னும் படமாகவே கிடக்கிறது. மின்வாசிப்பின் எதிர்காலம் என்று தமிழில் ஒன்று இருக்குமானால் அது படத்தை எழுத்தாக்கும் வேலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூகுளின் எழுத்துணரி தமிழை நன்றாகவே படிக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பல அப்படித்தான் எழுத்தாகின. ஆனாலும் அது காலுக்குப் பதில் ரகரத்தைப் போடும், ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகரத்தைப் போடும், புள்ளியை அச்சின் கறை என்று தள்ளிவிடும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய நூல்களில் வரும் கொம்பு சுழித்த லை, னை, ளை போன்றவற்றில் அதற்குத் தடுமாற்றம் கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘கௌ’ உள்ளே இருவிதமாக எழுதப்பட்டிருந்தால் தேடல் ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடும். மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த கண்கள் இல்லாமல் இது தீராது. ஓலையில் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவெடுத்தார்கள் அல்லவா, அந்த வேலையின் சிறிய உறவினர் இது. எழுத்தாகிவிட்ட நூலுக்கு வேறொரு சுவையான வசதியும் கிடைக்கிறது: பழைய லை, னை வடிவங்கள் ஒருங்குறியில் தனிக் குறிகள் அல்ல, எழுத்துருவின் வேலை என்பதால், பாட்டனார் காலத்து எழுத்தில் படிக்க விரும்புபவர் அதற்கான எழுத்துருவை மாற்றினாலே போதும், நூலைத் தொட வேண்டியதில்லை.

அகராதி இன்னொரு குறை. ஆங்கிலச் சொல்லில் விரலை வைத்தால் பொருள் வருகிறது. தமிழில் ‘மடமையினாலே’ என்பதில் விரலை வைத்தால் அகராதி அப்படியொரு சொல் இல்லை என்று சொல்லிவிடும், ஏனெனில் அதிலிருந்து ‘மடமை’யைப் பிரித்தெடுக்கும் அறிவு அதற்கு ஊட்டப்படவில்லை. சொற்பகுப்புச் செய்யும் நிரல்கள் தமிழில் உண்டு, அவை வாசிப்புக் கருவிக்குள் இன்னும் வந்து சேரவில்லை. சங்க இலக்கியத்தை முதன்முதலாகப் படிக்கும் ஒருவருக்கு வண்ணத் திரையைவிட ஆயிரம் மடங்கு பயன்படுவது இதுதான். குரலாக வாசித்துக் காட்டுவதும் எழுத்தான நூலில்தான் இயலும். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மாரகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் சட்டம் திறந்துவிட்ட கதவின் வழியே ஸ்கேன் பிடிஎஃப் நுழைய முடியாது, படத்தைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க இயலாது.

கைபேசி இந்தக் கருவிகளை விழுங்கிவிடுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலான தமிழ் வாசிப்பு ஏற்கெனவே கைபேசியில்தான் நடக்கிறது என்பதே நேர்மையான விடை. தொடர்கதைகளைப் பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவர் தனியொரு கருவியைச் சுமக்கமாட்டார். மின்வாசிப்பான் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது படிப்பவர்களின் சிறிய கூட்டத்துக்கான பொருளாகவே இருந்துவந்திருக்கிறது, இனியும் அப்படியே இருக்கும். அந்தக் கூட்டம் காசு கொடுத்து நூல் வாங்குகிற கூட்டம் என்பதால் கடைகள் அதைக் கைவிடுவதும் எளிதில்லை. இவற்றுள் எந்த நிறுவனம் நிலைக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். மின்னூல்களை விற்றுவந்த சோனியே 2014இல் வட அமெரிக்காவில் தன் வாடிக்கையாளர்களைக் கோபோவிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது.

கடைசியாக, உங்கள் பழைய கிண்டில். புதியதை வாங்கினாலும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரியை மாற்றித் தரும் கைபேசிப் பழுதுபார்ப்போர் பெரும்பாலான நகரங்களில் இருக்கிறார்கள். பின்பக்கம் பசையால் ஒட்டியிருப்பதால் திறப்பதில் கவனம் தேவை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திரை கண்ணாடியைவிட எளிதில் விரிசல் விடும். மாற்றியபின் வைஃபையை அணைத்து, உங்களிடம் இருக்கும் பூட்டில்லாத தமிழ் நூல்களைக் காலிபர் வழியாக ஏற்றி, வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு நாளிதழ் படிக்கும் பெரியவர் யாரிடமாவது எழுத்தை மிகப் பெரிதாக்கிக் கொடுங்கள். வரிக்கு இரண்டு சொல்தான் வரும். அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.